'வெரி': ஒரு சொல் வந்த வழி

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொல் 'வெரி'. 'மிக' என்று பொருள் கொண்டு நாமும் அதனைக் கடந்து போகின்றோம். ஆனால் அதன் வேர் நம் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழியாகிய இலத்தீனில் உள்ளது. அங்கே 'வேருஸ்' என்றால் 'மெய்யான' என்று பொருள்.

அச்சொல்லின் வழிவந்த வடிவம் பழைய பிரெஞ்சில் 'வெராய்' ஆயிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. அவ்வழியே ஆங்கிலத்தில் புகுந்தபோது 'வெரி' என்பதற்கு 'உண்மையான' என்பதே பொருள். நடுவர் குழுவின் முடிவைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' இதன் உடன்பிறப்பு. 'உண்மையாய் உரைத்தது' என்பது அதன் நேர்ப்பொருள்.

ஒருவரை 'மெய்யாகவே நல்லவர்' என்று நாம் சொல்வது முதலில் ஒரு சான்றுரை. பலரும் பலகாலும் சொல்லச் சொல்ல, சான்று மறைந்து அழுத்தம் மட்டும் எஞ்சுகின்றது. 'வெரி' என்பதற்கும் அதுவே நேர்ந்தது. 'ரியலி' என்னும் சொல்லும் பின்னாளில் இவ்வாறே தேய்ந்தது.

இத்தேய்வு விசுவாச அறிக்கையையும் தொட்டது என்பதே நம் கவனத்திற்குரியது. 1549-இல் வெளிவந்த ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூல், கிறிஸ்துவைக் கடவுள் என அறிக்கையிடும் இடத்தில் 'வெரி காட்' என்றே எழுதியது. 'மெய்யான கடவுள்' என்பது அதன் கருத்து. இன்று அதனைக் கேட்பவர் 'மிகவும் கடவுள்' என்று கொண்டால் என்ன ஆகும்?

325-இல் நீசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தின் முன் நின்ற சிக்கல் இதுதான். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், மகனைப் படைப்புகளுள் தலைசிறந்தவராகப் போற்றத் தயங்கவில்லை. எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் அவருக்கு உடன்பாடே. 'மெய்யான கடவுள்' என்பதை மட்டும் ஏற்க மறுத்தார். அளவைக் குறிக்கும் சொல் ஆரியுசுக்கு இடங்கொடுக்கும். உண்மையைக் குறிக்கும் சொல் கொடுக்காது. சங்கத் தந்தையர் பின்னதையே தேர்ந்தனர். பொருள் தேய்ந்த 'வெரி'யோ, கேட்பவர் செவியில் மீண்டும் அளவுச் சொல்லாகிவிடுகின்றது!

நம் தமிழ் அறிக்கையில் இவ்விடர் எழவில்லை. ஆங்கிலத் திருப்பலி நூலும் இன்று அவ்விடத்தில் 'ட்ரூ' என்றே சொல்கின்றது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் நூலைக் கையாளும் ஆலயங்களில் பழைய 'வெரி' இன்னும் ஒலிக்கின்றது.