அதிபர் வீட்டுக்கு மூன்று பிரதி

1793 ஆகஸ்ட். பிலடெல்பியாவில் அமைச்சரவைக் கூட்டம். நிதானத்துக்குப் பெயர்போன அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அன்று கொதித்தெழுந்தார். பத்திரிகையில் தன்னைத் திட்டி எழுதுவது போதாதென்று, அதில் மூன்று பிரதிகளைத் தனக்கே அனுப்பிவைக்கிறான் அந்த அயோக்கியன் என்று பொரிந்து தள்ளியதை, வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன் தன் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறார்.

அந்த ‘அயோக்கியன்’, கவிஞர் பிலிப் ஃப்ரெனோ.

1752இல் நியூயார்க்கில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் ஜேம்ஸ் மேடிசனின் வகுப்புத் தோழர். 1771 பட்டமளிப்பு விழாவுக்காக, நண்பர் பிராக்கன்ரிட்ஜோடு சேர்ந்து அமெரிக்காவின் எதிர்காலப் பெருமையைப் பாடினார். சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் ஐந்தாண்டு இருந்தது!

சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த 1780இல் அவர் போன ‘அரோரா’ கப்பலைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மடக்கியது. நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ‘ஸ்கார்பியன்’ என்ற சிறைக்கப்பலில் தள்ளினார்கள். இரவானால் கைதிகளை அடித்தளத்தில் அடைத்து மேல்வாயிலை மூடிவிடுவார்கள். காற்று கிடையாது, குடிக்கும் தண்ணீருக்கும் அடிதடி. காய்ச்சல் கண்டதும் ‘ஹன்டர்’ என்ற மருத்துவக் கப்பலுக்கு மாற்றினார்கள். எலும்பும் தோலுமாய் வீடு திரும்பியவர், மறு ஆண்டே அத்தனையையும் நெடுங்கவிதையாக்கினார். கப்பலுக்கு வந்துபோன ஹெஸ்ஸிய (ஜெர்மானிய) வைத்தியரை அதில் அவர் மன்னிக்கவே இல்லை.

1791இல் ஜெஃபர்சன் அவருக்கு வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பு எழுத்தர் வேலை கொடுத்தார். ஆண்டுச் சம்பளம் 250 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ரெனோவின் ‘நேஷனல் கெஜட்’ பத்திரிகை வெளிவந்தது. குறி, நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன். போர்வீரர்களுக்குச் சம்பளமாகத் தந்த கடன் பத்திரங்களை வணிகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்திருந்தார்கள். ஹாமில்டனின் திட்டப்படி அரசோ முழு மதிப்பையும் அந்த வணிகர்களுக்கே கொடுத்தது. இதைக் கண்டு ஃப்ரெனோ சீறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசையே தாக்குவதா என்று ஹாமில்டன் புனைபெயரில் கேட்டார். பத்திரிகையில் ஜெஃபர்சனின் கை இல்லவே இல்லை என்று ஃப்ரெனோ நகர மேயர் முன் சத்தியம் செய்தார். அதை முழுதாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவரை வற்புறுத்தி பிலடெல்பியாவுக்கு வரவழைத்தவர்களே ஜெஃபர்சனும் மேடிசனும்தான். ஆனால் அந்தக் கோபம் 250 டாலருக்கு வாங்கியதல்ல. சிறைக்கப்பலில் செத்தவர்களோடு கிடந்தவர் அவர்; அவர்களுடைய நாடு தரகர்களின் சொத்தாவதை எதிர்க்க அவரைவிட உரிமையுள்ளவர் யார்?

வாஷிங்டன் கோபத்தைக் காட்டியும் ஜெஃபர்சன் ஃப்ரெனோவை வேலையை விட்டு நீக்கவில்லை. பத்திரிகையை முடித்தவை, அந்த ஆண்டு பிலடெல்பியாவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சலும் வந்துசேராத சந்தாப் பணமும்தான். 1793 அக்டோபரில் அது நின்றது. ஃப்ரெனோ எழுத்தர் வேலையை உதறிவிட்டு நியூஜெர்சிப் பண்ணைக்குத் திரும்பி, அங்கேயே ஒரு சின்ன அச்சகம் வைத்து மறுபடி எழுதத் தொடங்கினார்.