வானொலிப் பெட்டியின் உறுமல்

கள்ளக்குறிச்சியில் எங்கள் இல்லத்தில் வால்வுகளால் இயங்கும் பழைய ஒலிபெருக்கிக் கருவி ஒன்று உண்டு. கல்வராயன் மலையில் என் தந்தையார் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்றை அதில் கேட்க விரும்பினேன். வெள்ளிமலைக்கு அப்பால், மின்கம்பி எட்டாதிருந்த ஒரு சிற்றூரில், மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருவர் பாடிய பாட்டு அது. இன்று பாடியவரும் இல்லை, பதிந்தவரும் இல்லை. விசையைத் திருப்பியதும் பாட்டுக்கு முன்னே எழுந்தது ஓர் உறுமல். மூதாட்டியின் மெல்லிய குரல் அதனுள் மூழ்கிவிட்டது. நாடாவிலேயே அது பதிந்திருப்பின் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. நாடாவை நிறுத்தினேன். உறுமல் நிற்கவில்லை. அப்பொழுதுதான் எனக்கு மூச்சு வந்தது. குற்றத்தில் பெரும்பங்கேனும் கருவியுடையது!

இவ்வுறுமலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி ஒலிபரப்பத் தொடங்கிய நாளில், கேட்போர் பெரும்பாலும் இதனை அறியார். படிகப் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம். வால்வுப் பெட்டிக்கோ பாட்டரி. பாட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் அமைதியான மின்னோட்டம். ஆயினும், அமிலம் நிறைந்த பாட்டரியைச் சுமந்து சென்று, மீண்டும் மீண்டும் மின்னேற்றி வருவது பெருந்தொல்லை. வீட்டு மின்சாரத்தையே கொடுத்தால் என்ன என்று எண்ணினார்கள். அங்கேதான் உறுமல் புகுந்தது. நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் ஊசலாடுவது. அதனால் நேரே சூடேற்றப்பட்ட வால்வின் இழை அவ்வூசலைப் பாட்டோடு கலந்து ஒலித்தது. 1925-இல் கனடா நாட்டு எட்வர்ட் ராஜர்ஸ் பாட்டரி வேண்டாத பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சூடேற்றும் இழையையும் எலெக்ட்ரான்களை உமிழும் எதிர்மின்வாயையும் பிரித்து வைத்ததே அவ்வகை வால்வின் நுட்பம். அடுப்புத் தீ வேறு, அதன்மேல் காயும் தோசைக்கல் வேறு அன்றோ? தீ ஆடினாலும் கல்லின் சூடு ஆடுவதில்லை.

எஞ்சியது மற்றொன்று. வால்வுகளுக்கு உயர் அழுத்தம் தரும் பகுதியில் மின்னோட்டத்தை ஒருதிசைப் படுத்தும்போது, வினாடிக்கு 100 அலைகள் மிஞ்சும். அவற்றைச் சமன்செய்வது மின்தேக்கி. மலையடிவாரத்துக் கோமுகி அணை மழைவெள்ளத்தைத் தேக்கிச் சீராக விடுவது போன்றது அதன் வேலை. உள்ளிருக்கும் மின்பகு நீர்மம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலரும், தேக்கம் குறையும், அலை தலைதூக்கும்.

ஒலியளவுத் திருகை முற்றும் குறைத்தேன், உறுமல் குறையவில்லை. எனவே அது திருகுக்குப் பின்னால், மின்வழங்கும் பகுதியில் பிறப்பது எனக் கொண்டு, பழைய மின்தேக்கிகளை மாற்றினேன். (மாணவர்கள் இதில் கைவைக்கலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உயிரைக் குடிக்கும் மின்னேற்றம் அங்கே தங்கியிருக்கும்.) பேருறுமல் அடங்கிற்று. ஆனால், ஒரு ஸ்தாயி தாழ்ந்து, முனகல் ஒன்று இருந்தது. இதுவோ திருகைக் குறைத்தால் குறைந்தது. நாடாக் கருவியின் இணைப்பை எடுத்தால் மறைந்தது. ஒரு மாலைப்பொழுது முழுதும் இதில் கழிந்தது. கருவிகள் இரண்டையும் இரு வேறு சுவர்களில் செருகியிருந்தேன். இரண்டுக்கும் தனித்தனியே நிலத்தொடர்பு. இடையே இணைப்புக் கம்பி. ஆக ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடிய சிறு மின்னோட்டமே முனகியது. நிலக்கம்பியை அறுத்துவிடச் சொல்வாரும் உளர்; அது உயிருக்குக் கேடு. இரண்டையும் ஒரே இடத்தில் அருகருகே செருகினேன். வளையம் சுருங்கிற்று, முனகலும் கேளாதொழிந்தது.

பின்னர் நாடாவை ஓட்டினேன். பாட்டரிக் கருவியில் பதிந்ததாகலின் நாடாவில் உறுமல் சிறிதுமில்லை. முதலில் காற்று, எங்கோ ஒரு சேவல், பிறகு மூதாட்டி தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓசை. "பாடட்டுங்களா?" என்று என் தந்தையாரைக் கேட்கிறார்.