அதிவேகமும் அஜாக்கிரதையும்

சாலை விபத்தில் உயிர் போனால், நம் காவல் நிலையங்களில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் வரும்: வண்டியை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்து மோதியதாக. நேரில் பார்த்தவரும் கூண்டில் ஏறி அதையே ஒப்பிப்பார். ஓட்டுநர் விடுதலையானால், சாட்சி விலைபோய்விட்டார் என்று ஊர் பேசும். விலைபோகிறவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கான சட்டம் வந்த வழியைப் பார்த்தால், பொய்யே சொல்லாத சாட்சியும் ஏன் தோற்கிறார் என்பது புரியும். அவர் கண்ட விவரங்களை விட்டுவிட்டு, அவர் போட்ட கணிப்பையே நாம் கேட்டு வாங்குகிறோம்.

1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டபோது, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. மெக்காலே குழு 1837-ல் தந்த வரைவில் இருந்தது, சட்டமானபோது விடுபட்டுப்போனது. 1870-ல்தான் 304ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2 ஆண்டுவரை சிறை. அன்றைக்கு இந்தியச் சாலைகளில் மோட்டார் வண்டியே இல்லை. 1872-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹாலோவே இதற்கு இலக்கணம் வகுத்தார். தீங்கு நேரலாம் என்று தெரிந்தும், நேராது என்ற நம்பிக்கையில் துணிவது ஒன்று. தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாமலே, உரிய எச்சரிக்கை இல்லாமல் நடந்துகொள்வது மற்றொன்று. முன்னது ஓட்டுபவரின் மனத்துக்குள் இருப்பது, பின்னது நீதிமன்றம் எடைபோட வேண்டியது. சாலையோரம் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் படாது. அதே 1872-ல் வந்த சாட்சியச் சட்டமோ, சாட்சி தன் புலன்களால் அறிந்ததையே சொல்ல வேண்டும் என்றது. கருத்துச் சொல்லும் உரிமையைப் பெரும்பாலும் நிபுணர்களுக்கு விட்டது.

மோட்டார் வந்ததும் இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. 1896 ஆகஸ்ட் 17 அன்று, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில், பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான் என்பார்கள். மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்தேன் என்றார் ஓட்டுநர். தீயணைப்பு வண்டிபோலப் பாய்ந்து வந்தது என்றார் பார்த்தவர் ஒருவர். வேகம் கூடும்படி எஞ்சினை மாற்றியிருந்தார்கள் என்று காரில் பயணம் செய்த பெண்ணே சொல்ல, வண்டியைச் சோதித்தவர் அதற்கு வழியில்லை என்றார். தற்செயல் மரணம் என்று ஜூரிகள் முடித்துவிட்டார்கள். இவர்களில் யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டியதில்லை. குதிரை வண்டிக்குப் பழகிய கண்ணுக்கு எது வேகம் என்பதற்கே அன்று அளவுகோல் இல்லை.

நூறாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. லாரி கவிழ்ந்த கர்நாடக வழக்கு ஒன்றில், 1998-ல் உச்ச நீதிமன்றம், அதிவேகம் என்பது இடத்துக்கு இடம் மாறும் சொல், அதை மட்டும் வைத்துக் குற்றம் தீர்மானிக்க முடியாது என்றது. வேகம் கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். முழுக்கப் பார்த்தவருக்கு ஓரளவு தெரியும். ஆனால் டீக்கடை வாசலில் நின்றவர் குறுக்கு விசாரணையில், “சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்” என்பார். அதோடு அவர் சொன்ன வேகம் போயிற்று. மோதியதற்குப் பின்னால் நடந்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். உடல் கிடந்த இடம், வண்டி நின்ற இடம், ஓட்டுநர் இறங்கி ஓடினாரா என்பதை அவர் உறுதியாகச் சொல்ல முடியும். அதைக் கேட்டு, மகஜரிலும் வரைபடத்திலும் டயர் தேய்ந்த தடத்தின் நீளத்தோடு பொருத்திக் காட்டினால், ஒரே சாட்சிகூடப் போதும். கணவன் கொலையுண்டதைக் கண்ட மனைவியின் சாட்சியத்தை நம்பித் தூக்குத் தண்டனையையே உறுதிசெய்த 1957-ஆம் ஆண்டுச் சென்னை மாநில வழக்கில், சாட்சிகளின் தரம்தான் முக்கியம், எண்ணிக்கை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இயந்திரக் கோளாறு இல்லை என்பதோடு நின்றுவிடும். கோளாறு இல்லை என்பதாலேயே பிழை ஓட்டுநருடையது என்று ஆகிவிடாது.

இவ்வளவு கறார் பார்த்தால் செத்தவர் குடும்பத்துக்கு என்ன நியாயம் என்ற கேள்வி வலுவானது. அதற்குப் பாதி விடை 1980-லேயே கிடைத்தது. தமிழ்நாட்டில் இரவில் போன பேருந்து ஒன்று, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதி, 8 பேர் அங்கேயே இறந்தார்கள். தெய்வச் செயல் என்று குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். ஆனாலும் இழப்பீடு கேட்ட வழக்கை அந்த விடுதலை கட்டுப்படுத்தாது என்று நீதிபதி கிருஷ்ண அய்யர் தீர்ப்பளித்தார். குடும்பத்துக்குப் பணமாவது வரும். குற்றவாளியைத் தண்டிக்க அது உதவாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை முதல் தண்டனையின் உச்சத்தை 5 ஆண்டாக்கியிருக்கிறது. தண்டனை கூடக்கூட ஆதாரத்தைக் கறாராகப் பார்க்கத் தோன்றுவது நீதிபதிகளின் இயல்பு. மகஜர் எழுதும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.