கூட்டு வடிவமைப்புப் பயிற்சி: கட்டடக்கலையும் பொறியியலும்

கட்டடக்கலை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே கட்டடத்தை முதல் கோட்டிலிருந்தே சேர்ந்து வடிவமைக்கப் பழகும் கல்விமுறை இது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பழைய கடைவீடுகளில் வடிவத்தைத் தருவதும் செங்கல் சுவர்தான், மரச்சட்டங்களின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். அடுக்குமாடிகளில் அந்த இரண்டும் இரு தொழில்களின் வேலை.

மலேசியாவில் சட்டமே இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது. கட்டடக் கலைஞர் சட்டம், பொறியியலாளர் பதிவுச் சட்டம் இரண்டும் 1967இல் வந்தவை, ஆளுக்கொரு வாரியம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் புலங்களும் வேறு வேறு. சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இரண்டையும் ஒரே புலத்தில் வைத்திருக்கிறது. ஆனால் கூரை ஒன்றானால் மேசையும் ஒன்றாகிவிடும் என்றில்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான, 2009இல் மலேசியா முழு உறுப்பினரான வாஷிங்டன் உடன்பாடு, பிற துறையினரோடு குழுவாக இயங்கும் திறனைப் பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கிறது.

சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர் ஸ்டூடியோவில் வரைந்து, சுவரில் ஒட்டி, ஆசிரியர்முன் விளக்கி, மறுபடி வரைகிறார். பொறியியல் மாணவர் கொடுத்த பாரத்துக்கு விடை காண்கிறார். பருவத்தின் கடைசி வாரத்தில் இருவரையும் சேர்த்தால் ஒருவர் வரைந்ததை மற்றவர் சரிபார்ப்பதோடு கதை முடிந்துவிடும்.

முதல் சண்டை பெரும்பாலும் உத்திரத்தின் ஆழத்தில்தான். தளத்துக்குத் தளம் 3,600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்கூரை 2,700இல் வேண்டும் என்கிறார் ஒருவர். மிச்சம் 900. உத்திரத்துக்கு 600, குளிர்சாதனக் குழாய்க்கு 350. 50 இடிக்கிறது; விளக்கும் தீயணைப்புத் தெளிப்பானும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. தூண்களை நெருக்கலாம், உத்திரத்தில் துளை விடலாம், உள்கூரையைத் தாழ்த்தலாம். கணினியில் கட்டடத் தகவல் மாதிரி, அதாவது பிம், இந்த மோதலை உடனே காட்டிக் கொடுக்கும். தீர்வை இருவரும் பேசித்தான் எடுக்கவேண்டும்.

நல்ல பாடம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலேயே இருக்கிறது. 41, 42ஆம் தளங்களின் வான்பாலம் கோபுரங்களோடு இறுகப் பூட்டப்படவில்லை. காற்றில் இரு கோபுரங்களும் தனித்தனியே அசையும்போது பாலத்தின் முனைகள் வழுக்கி இடங்கொடுக்கும். 29ஆம் தளத்திலிருந்து எழும் சாய்கால்கள் நடுவில் தாங்கும். கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி தந்த வாசல் போன்ற தோற்றத்தையும் பொறியியல் நிறுவனமான தார்ன்டன் டொமசெட்டியின் கணக்கையும் அந்தக் கால்களில் பிரித்தெடுக்க முடியாது.

கசப்பான பாடம் உலு கிள்ளானில். 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். அதை வடிவமைத்தவர் முழுத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர், வரைவாளர். பின்னாலிருந்த மலைச்சரிவு தம் வேலையில் சேராது என்றார் பொறியாளர். 2000இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பலருக்கும் பங்கிட்ட பொறுப்பில் வரைவாளருக்கு 10 விழுக்காடு. பொறியாளருக்கும் அதே 10.