கறுப்புத் திரையும் மூணு நாளும்

எக்ஸ்பி காலத்து ஆசாமிகளுக்கு ஞாபகம் இருக்கும், "உங்க விண்டோஸ் ஒரிஜினல் இல்ல" என்று ஓரத்தில் வந்து நிற்கும் அறிவிப்பு. அதன் முன்கதை இது.

2001-ல் எக்ஸ்பி வந்தது. நிறுவனங்களுக்கான ஒரு சாவி எண் கசிந்து, ஊர் உலகமே அதை வைத்து இன்ஸ்டால் செய்தது. 2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1, அந்த எண்ணைப் பார்த்ததும் ஏற மறுத்தது. அப்டேட் போலீஸ் வேலை பார்க்க ஆரம்பித்தது அங்கேதான்.

2005-ல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் டவுன்லோடு செய்யவே சோதனை கட்டாயம். பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் விலக்கு. நல்ல புத்திதான். ஆனா 2006-ல், காப்பியைக் கண்டுபிடிக்கும் புரோகிராமையும் அதே ஆட்டோமேட்டிக் அப்டேட் வழியாக, 'முக்கியம்' என்று முத்திரை குத்தி அனுப்பினாங்க. அது தினமும் கம்பெனி சர்வரோடு பேசுவது தெரிந்ததும் அமெரிக்காவில் வழக்கே போட்டாங்க. மருந்து கொண்டு வர்றவரே வீட்டைச் சோதனையும் போட்டா, யாருங்க கதவைத் திறப்பா?

உச்சம் சீனாவில். 2008 அக்டோபர் 20 முதல், ஒரிஜினல் அல்லாத எக்ஸ்பியில் டெஸ்க்டாப் பின்னணி கறுப்பாகும். மாற்றினாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடி கறுப்பு. ஒரே கூச்சல். ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவிடு என்பதுதான் கைகண்ட வைத்தியமாச்சு.

சரியா மூணு நாள் கழித்து, 23-ம் தேதி, வழக்கமான செவ்வாய்க்கிழமைக்குக் காத்திராமல் மைக்ரோசாஃப்ட் ஒரு அவசர அப்டேட் விட்டது: எம்எஸ்08-067. காப்பி வைத்திருந்தவருக்கும் கிடைக்கும், வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால். நவம்பரில் கான்ஃபிக்கர் புழு அதே ஓட்டையில் நுழைந்து உலகம் முழுக்கப் பல லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. கறுப்புத் திரைக்குப் பயந்து அணைத்து வைத்தவர் வீட்டில், ஓட்டை திறந்தேதான் கிடந்தது.