பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையில் யூதர்

பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையில் வாழ்ந்த யூதர் மிகச் சிலரே. தோட்டத்துரை, அரச உத்தியோகத்தர், நீதியரசர், கடைசியில் அகதி என்று தனித்தனியாக வந்த இவர்கள் ஊர்ச் சமூகமாகத் திரளவில்லை. தீவில் இவர்களுக்குரிய இடத்தைச் சமயம் தீர்மானிக்கவில்லை. பதவியும் பணமும் வெள்ளைத் தோலுமே தீர்மானித்தன.

முற்காலத் தொடர்புக்கு ஒரு குறிப்பு உண்டு. சரந்தீப் எனப்பட்ட இலங்கையின் அரசனது 16 பேர் கொண்ட அவையில் நால்வர் யூதர் என்று 12ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதினார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கொச்சியின் கதை வேறு. சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு இரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகளை வழங்கினான். 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. மண்ணோடு ஒன்றிய இச்சமூகம் மண்ணின் படிநிலையையும் ஏற்றுக்கொண்டது: பின்னர் வந்த பரதேசி யூதர் மேலே, முன்பே இருந்த மலபார் யூதர் வேறாக, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் கீழே. இக்கடைசிப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், ஜெப ஆலயத்தில் சம இடம் கேட்டுச் சத்தியாக்கிரகம் செய்தார். 

இலங்கைக்கு முதலில் வந்தது பெருஞ்செல்வம். 1841இல் வந்த மோரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர்களின் தாய் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்துப் பெண். புசல்லாவையில் அவர்கள் திறந்த கோப்பித் தோட்டம் ரொத்சைல்ட் என்றே பெயர் பெற்றது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக்குமுன்பே சீனத் தேயிலையை அங்கு நட்டுப் பார்த்தனர். இவர்களின் சகோதரர் மகன் ஹென்றி டி வோர்ம்ஸ் பிரித்தானியக் குடியேற்ற நாட்டுத் துணை அமைச்சராகி, 1895இல் பிர்பிரைட் பிரபுவானார்.

அரச உத்தியோகத்தராக வந்த லெனார்ட் வுல்ஃபுக்கு அத்தகைய செல்வப் பின்புலம் இல்லை. வழக்கறிஞரான தந்தை 1892இல் இறந்ததும் குடும்பம் நொடிந்தது. படிப்புதவித் தொகை அவரைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிவரை கொண்டுசென்றது. சிவில் சேவை 1904இல் இலங்கைக்கு அனுப்பி, யாழ்ப்பாணத்தில் அமர்த்தியது. இங்கிலாந்தில் எவ்வளவு ஒன்றினாலும் சற்றே வெளியாளாயிருந்தவர், கப்பலை விட்டு இறங்கியதும் ஆளும் வர்க்கத்தில் ஒருவரானார். குதிரைமேல் சென்றபோது ஒரு தமிழ் வழக்கறிஞரைச் சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழ்ச் சங்கம் முறையிட்டது, வுல்ஃப் மறுத்தார். முறையிட்டவர்களுக்கு அவர் யூதரல்லர், வெள்ளைக்காரத் துரை. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக 1911வரை பணியாற்றியபின் பேரரசின்மீதே நம்பிக்கையிழந்து விலகினார். இலங்கைக் கிராமத்தைப் பற்றிய நாவலை 1913இலும், இங்கிலாந்து யூதரின் ஒட்டாத நிலையைப் பேசும் ‘மூன்று யூதர்கள்’ சிறுகதையை 1917இலும் வெளியிட்டார். இரண்டையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

1936 முதல் 1939வரை பிரதம நீதியரசராயிருந்த சிட்னி ஏப்ரகாம்ஸ் குடியேறிய யூதரின் மகன். ஒலிம்பிக் வீரர் ஹரோல்டின் அண்ணன். 1937இல் ஆளுநர் நாடுகடத்த முயன்ற இடதுசாரி பிரேஸ்கேர்டிலை விடுவித்த தீர்ப்பு இவர் தலைமையில் வந்தது.

நாசி ஆட்சி வேறு வகையினரைத் துரத்திவிட்டது. 1938இல் ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் எடித் ஜொம்ரோய் வந்து, பேராசிரியர் லுடோவைக்கை மணந்தார். ஜெர்மனியில் 1901இல் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர் 1936இல் வந்து, ஞாணபோணிக தேரர் எனத் துறவியானார். 1939இல் போர் மூண்டதும் பிரித்தானிய அரசு அவரை எதிரி நாட்டு ஜெர்மானியர் என்று தியத்தலாவையில் அடைத்தது. யூதர் என்பதற்காக ஜெர்மனி துரத்தியது கணக்கில் வரவில்லை. பின்னர் டெராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டு 1946இல் விடுதலையானார். 1958இல் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான அவர், 1994இல் கண்டியில் காலமானார்.