பதிமூன்றாவது ரவுண்டு

கோவில்பதாகைப் பக்கம் டேங்க் ஃபேக்டரியிலும் ராணுவ உடைத் தொழிற்சாலையான ஓ.சி.எஃப்.பிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்குப் பூர்வீகம் வடசென்னை. டீக்கடையில் அவர்களுக்கு ஒரு கிளாஸ் காலியாவதற்குள் கிரிக்கெட் முடிந்துவிடும். அதன்பின் பாக்ஸிங்.

“டைசன் உள்ள பூந்தா அலி என்னா பண்ணுவாரு? ரெண்டு ரவுண்டு தாங்காது நைனா.”

“உள்ள பூந்தாதானே? மொதல்ல அவரு கையில மாட்டட்டும்.”

2021-ல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடு பிடித்தது. அந்தப் படத்தில் வரும், நிஜத்தில் இல்லாத டான்சிங் ரோஸைக்கூட யாரோடாவது மோதவிட்டுப் பார்க்கிறார்கள். சிரிக்க வேண்டாம். இதே பேச்சைக் கோட் சூட் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, தியேட்டரில் டிக்கெட் விற்றவர்களின் கதைதான் இந்த வாரம்.

அமெரிக்காவின் மயாமியில் முர்ரே வொரோனர் என்றொரு ரேடியோ தயாரிப்பாளர் இருந்தார். 1967-ல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களில் 16 பேரைப் பொறுக்கி எடுத்து, கம்ப்யூட்டரை வைத்து மோதவிட்டால் என்ன? வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தி, துணிச்சல் என்று ஒவ்வொருவருக்கும் மார்க் போட்டார்கள். அந்தக் கணக்கை என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டரில் ஏற்றி, அது சொன்னதை ரேடியோவில் நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பினார்கள். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ சாம்பியன்.

முகமது அலி? காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுப் போனார், காகிதத்தில். அலிக்கு அது பொல்லாத காலம். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தையும் லைசென்ஸையும் பறித்திருந்தார்கள். நிஜத்தில் யாரிடமும் தோற்காத மனிதரை ஒரு இயந்திரம் தோற்கடித்தால் சும்மா விடுவாரா? 10 லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். கடைசியில் 10,000 டாலரில் சமாதானம் ஆனது. கூடவே ஓர் ஒப்பந்தம்: மார்சியானோவோடு மோதுவதுபோல் ஒரு படத்தில் நடிக்க வேண்டும்.

1969 கோடையில் மயாமி ஸ்டூடியோ ஒன்றில் கதவை மூடிக்கொண்டு படம் எடுத்தார்கள். அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45, 49 போட்டியில் 49 வெற்றியோடு 1956-ல் ஓய்வு பெற்றவர். இந்தப் படத்துக்காகவே 20 கிலோவுக்கு மேல் இளைத்து, வழுக்கைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் அலியின் குத்து அந்த விக்கைத் தட்டிவிட்டது. ஒரு நிமிஷ ரவுண்டுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள், ரத்தத்துக்குக் கெட்சப். எந்த முடிவு வந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று பல முடிவுகளையும் எடுத்து வைத்தார்கள். படம் வெளிவரும் முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார்.

1970 ஜனவரி 20 இரவு அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடியது. 13-வது ரவுண்டில் அலி நாக்-அவுட். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார்! அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி பிற்பாடு கிண்டலடித்தார். கறுப்பர்களை ஒதுக்கி வைப்பதில் பேர்போன மாநிலம் அது.

இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்குத் தீனி போட்டவர்கள் பாக்ஸிங் எழுத்தாளர்களும் நிபுணர்களும். ‘துணிச்சல்: இத்தனை மார்க்’ என்று போட்டது அவர்களுடைய ஞாபகமும் பாசமும்தான். டீக்கடைப் பேச்சை எண்ணாக்கிப் போட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் ஊர் நம்பிவிட்டது.

ஆனால் அந்த 13-வது ரவுண்டு சும்மா வந்ததல்ல என்று எனக்குத் தோன்றும். 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. மார்சியானோ சாம்பியன் பட்டத்துக்காக ஜெர்ஸி ஜோ வால்காட்டோடு மோதுகிறார். முதல் ரவுண்டிலேயே விழுந்தார். அதற்கு முன் எந்தப் போட்டியிலும் விழாதவர். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார். 13-வதில் ஒரே ஒரு வலது கைக் குத்து. வால்காட் கயிற்றில் சரிந்தார், எழவில்லை.

1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் கொரிய வீரர் கிம் டுக் கூ 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதன்பிறகுதான் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்கு இறங்கின. இன்றைய சட்டப்படி ஆடியிருந்தால் வால்காட்டோடு மோதிய அந்த இரவு மார்சியானோ தோற்றவர். 49-க்கு 49 என்ற பேச்சே இருந்திருக்காது. எடையைப் பார்த்தாலும் அதே சிக்கல்தான். அவர் 85 கிலோ சுமார். இன்று ஹெவிவெயிட்டில் அவரைச் சேர்க்கவே யோசிப்பார்கள். இக்கால ஹெவிவெயிட் வீரர் டைசன் ஃப்யூரி அவரைவிட ஏறக்குறைய ஓர் அடி உயரம். ஆகவே யார் ஜெயிப்பார் என்று கேட்கிறவரிடம் நான் முதலில் கேட்பது: எத்தனை ரவுண்டு? யாருடைய சட்டம்?

நம்மூருக்கும் இது பொருந்தும். நாட் டெர்ரி என்ற வீரரைச் சார்பட்டா குத்துச்சண்டைப் பரம்பரையின் கித்தேரி முத்து வீழ்த்திய கதையை வடசென்னையில் இன்றும் சொல்கிறார்கள். அதே சென்னையிலிருந்து போன வி. தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். இருவரும் மோதினால்? முத்துவின் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. தேவராஜன் ஆடியது மூன்று ரவுண்டு அமெச்சூர் ஆட்டம். அன்று ஐந்து நடுவர்கள் பட்டனோடு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேராவது ஒரே நொடிக்குள் அமுக்கினால்தான் பாயின்ட். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நடுவர்கள் தீர்ப்பால் ராய் ஜோன்ஸுக்கு நடந்த அநியாயத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு. தொட்டுவிட்டு விலகத் தெரிந்தவனுக்கு அது வரம். உடம்பைப் பார்த்துக் குத்திக் குத்திக் களைக்க வைப்பவனுக்கு நஷ்டம். தேவராஜனின் மேடையில் தேவராஜன், முத்துவின் மேடையில் முத்து என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

நிஜமாகவே இரண்டு காலம் ஒரே மேடையில் ஏறியதும் உண்டு. 1951-ல் 37 வயது ஜோ லூயிஸை 28 வயது மார்சியானோ எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். பிறகு அவரே அழுதார். 1980 அக்டோபரில் தன்னிடம் பயிற்சிக் கூட்டாளியாக இருந்த லாரி ஹோம்ஸிடம் அலி பத்து ரவுண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இவற்றால் நிரூபணமானது வயசு ஒன்றுதான்.

அந்த 1980-ன் தொடக்கத்தில் அலி இந்தியா வந்திருந்தார். டெல்லியில் பஞ்சாப்பின் கவுர் சிங்கோடு நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி. மூன்று வருஷத்துக்குள் அந்த ராணுவ வீரர் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். சென்னை நேரு ஸ்டேடியத்தில் எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊர்க்காரர். அலியிடமிருந்து பறித்த பட்டத்தில் ஒரு பாதியை 1968-ல் ஜெயித்தவர். 1971-ல் அலியிடமே அடி வாங்கித் தோற்று, 1975-ல் பயிற்சியில் இடது கண்ணின் பார்வையை இழந்தவர். முதல்வர் எம்.ஜி.ஆர். அலியை வரவேற்றார், சில வாரத்தில் அவருடைய ஆட்சியே கலைக்கப்பட்டது. கேலரியில் இருந்தவர்களில் பலர் பரம்பரைச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். எந்தக் குத்து நிஜம், எது விளையாட்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த அந்தப் பரம்பரைகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)